ஜூரி கடிதம் வந்துவிட்டதா? இங்கிலாந்தில் வாழும் தமிழர்கள் கேட்கும் கேள்விகள்

பெரிய குற்ற வழக்குகளை விசாரிக்கும் லண்டன் கிரவுன் கோர்ட் ஒன்றில் இரண்டு வாரம் ஜூரராக இருந்துவிட்டு வந்தேன். அன்று முதல் கோயிலிலும், பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளி வாசலிலும் பார்ப்பவர்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றையும் நான் சொன்ன பதில்களையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். இவை இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும் பொருந்தும். ஸ்காட்லாந்தில் ஜூரியில் 15 பேர். அங்கே முறையே வேறு.

ஜூரி என்றால் சரியாக என்ன?

பெரிய குற்ற வழக்குகளில், குற்றம் சாட்டப்பட்டவர் அதைச் செய்தாரா இல்லையா என்று முடிவு சொல்லும் 12 சாதாரண மனிதர்கள். சட்டம் என்ன சொல்கிறது என்பதை நீதிபதி விளக்குவார். என்ன நடந்தது என்பதை ஜூரி தீர்மானிக்கும். இங்கே 90 சதவீதத்துக்கும் மேலான குற்ற வழக்குகள் மாஜிஸ்திரேட் கோர்ட்டிலேயே ஜூரி இல்லாமல் முடிந்துவிடுகின்றன. நம் கைக்கு வருவது மீதியில் ஒரு பகுதிதான். ஆனால் கனமானவை எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

நம் ஊரில் இது இருந்ததா?

இருந்தது. இந்தியாவில் ஆங்கிலேய ஜூரி முதன்முதலில் கூடியது நம் சென்னையில்தான். 1665இல் ஜார்ஜ் கோட்டையில், தன் அடிமைப் பெண்ணைக் கொன்றதாக ஒரு பெண்மணி மேல் வழக்கு. ஆறு ஆங்கிலேயரும் ஆறு போர்ச்சுகீசியரும் உட்கார்ந்து அவரை விடுவித்தார்கள். செத்துப்போன அந்தப் பெண்ணின் இனத்தார் ஒருவர்கூட அந்தப் பன்னிரண்டு பேரில் இல்லை. அதைப் படித்தபோது மனது சுருக்கென்றது.

1959இல் பம்பாயில் நடந்த கடற்படை அதிகாரி நானாவதி மீதான கொலை வழக்கு பலருக்குத் தெரிந்திருக்கும். 9 பேர் கொண்ட ஜூரி 8க்கு 1 என்று குற்றமில்லை என்றது. நீதிபதி அதை ஏற்காமல் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். அங்கே ஆயுள் தண்டனை ஆனது. அந்த வழக்கோடு இந்தியாவில் ஜூரி ஒழிந்தது என்று எல்லோரும் சொல்கிறோம். அது சரியல்ல. அதற்குப் பின்னும் சில இடங்களில் நடந்துகொண்டுதான் இருந்தது. 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் வந்தபோதுதான் குற்ற வழக்குகளில் முற்றாக நின்றது.

இலங்கையில் இன்னும் சட்டத்தில் இருக்கிறது. அங்கே யூரி என்பார்கள், 7 பேர். கொழும்பில் 2006இல் சுட்டுக் கொல்லப்பட்ட தமிழ் நாடாளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜின் வழக்கில், 2016 டிசம்பரில் சிங்களம் பேசும் யூரி ஒன்று குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுவித்தது. யாழ்ப்பாணத்து நண்பர்கள் யூரி என்றதும் அதைத்தான் முதலில் சொல்கிறார்கள். அவர்களுடைய வேதனை எனக்குப் புரிகிறது. அந்த நாற்காலிகளில் யார் உட்காருகிறார்கள் என்பது எவ்வளவு முக்கியம் என்று எனக்கு உறைத்ததும் அதனால்தான்.

நான் இன்னும் பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கவில்லை. எனக்கு ஏன் கடிதம் வந்தது?

அதிகம் பேர் திகைப்பது இதில்தான். ஜூரிக்கு ஆள் எடுப்பது வாக்காளர் பட்டியலிலிருந்து. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் காமன்வெல்த் நாடுகள். அந்த நாட்டு பாஸ்போர்ட்டோடு இங்கே முறையாக வசிப்பவர் வாக்காளராகப் பதிவு செய்துகொள்ளலாம். பதிவு செய்திருந்து, வயது 18க்கும் 75க்கும் நடுவில் இருந்து, 13 வயதுக்குப் பிறகு குறைந்தது 5 ஆண்டு தொடர்ந்து இங்கே வசித்திருந்தால் உங்கள் பெயரும் கம்ப்யூட்டரின் குலுக்கலில் இருக்கும். கடிதம் தவறுதலாக வரவில்லை.

ஜாமீனில் இருப்பவர்கள், கடந்த 10 ஆண்டில் சிறைத் தண்டனை பெற்றவர்கள் போன்றோர் உட்கார முடியாது. டாக்டர், வக்கீல், போலீஸ் ஆகியோருக்கு முன்பு விலக்கு இருந்தது. 2004 முதல் அதுவும் இல்லை. என்னோடு காத்திருந்தவர்களில் ஒருவர் ஜி.பி. (குடும்ப டாக்டர்), இன்னொருவர் பஸ் டிரைவர்.

போகாமல் இருக்க வழி இருக்கிறதா?

உண்மையைச் சொல்கிறேன்: பத்துப் பேரில் ஒன்பது பேர் என்னிடம் முதலில் கேட்பது இதுதான். கடிதத்தைக் குப்பையில் போட்டுவிட்டுச் சும்மா இருப்பது மட்டும் வேண்டாம். 7 நாளுக்குள் பதில் அனுப்ப வேண்டும். காரணமில்லாமல் போகாவிட்டால் 1,000 பவுண்ட் வரை அபராதம் போடலாம்.

தேதி ஒத்துவரவில்லை என்றால் ஒருமுறை தள்ளி வைக்கக் கேட்கலாம். பரீட்சை, ஆபரேஷன், ஏற்கெனவே டிக்கெட் எடுத்த ஊர்ப் பயணம், தங்கை கல்யாணம் எல்லாம் நியாயமான காரணங்கள். அடுத்த 12 மாதத்துக்குள் உங்களுக்கு வசதியான தேதிகளை நீங்களே சொல்ல வேண்டும். முழு விலக்கு கிடைப்பது அபூர்வம். கடும் நோய், விட்டுவிட்டு வரவே முடியாத பராமரிப்புப் பொறுப்பு போன்றவற்றுக்குத் தருவார்கள்.

ஆனால் முடிந்தால் போங்கள். நான் உட்கார்ந்த வழக்கில் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்றவன் இருபது வயதுகூட இருக்காத, நம்மைப் போன்ற நிறமுள்ள பையன். ஒவ்வொரு ஜூரராக எழுந்து உறுதிமொழி எடுத்தபோது அவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். எதிரே உட்காரும் பன்னிரண்டு பேரில் நாமும் இருக்க வேண்டும். அவனுக்குச் சாதகமாகப் பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. இந்த ஊரில் வாழும் எல்லா விதமான மனிதர்களும் அங்கே இருந்தால்தான் அதை ஊரின் தீர்ப்பு என்று சொல்ல முடியும். நாம் ஒவ்வொருவரும் ஒரு காரணம் சொல்லி நழுவிவிட்டு, பிறகு ஜூரியில் நம் ஆட்களே இல்லை என்று வருத்தப்படக் கூடாது.

என் ஆங்கிலம் போதுமா?

தொலைக்காட்சிச் செய்தி புரிகிறது, வேலையில் மீட்டிங் புரிகிறது என்றால் போதும். உச்சரிப்பை யாரும் பார்ப்பதில்லை. வக்கீல்கள் ஜூரிக்குப் புரிய வேண்டும் என்பதற்காகவே எளிமையாகப் பேசுகிறார்கள். உண்மையிலேயே ஆங்கிலம் பிடிபடாது என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நீதிபதி உங்களை விடுவிக்க சட்டத்தில் இடம் இருக்கிறது. ஜூரருக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் தர மாட்டார்கள். பாதி புரிந்து பாதி புரியாமல் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது இன்னொருவருடைய வாழ்க்கையோடு விளையாடுவது.

சம்பளம் போகுமா?

லீவு தர மறுக்கவோ, இதற்காக வேலையை விட்டு நிறுத்தவோ முதலாளிக்கு உரிமை இல்லை. சம்பளம் தர வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் அவருக்கு இல்லை. முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தரவில்லை என்றால் கோர்ட்டிடம் இழப்பீடு கேட்கலாம். நான் போனபோது முதல் 10 நாளுக்கு ஒரு நாளுக்கு அதிகபட்சம் 64.95 பவுண்ட், 4 மணி நேரத்துக்குள் அனுப்பிவிட்டால் அதில் பாதி. சாப்பாட்டுக்கு 5.71 பவுண்ட், போக்குவரத்துச் செலவு தனி. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தால் அதையும் அந்த உச்சவரம்புக்குள் சேர்த்துக் கேட்கலாம்.

இது போதாது. கடை வைத்திருப்பவர்களுக்கும், டாக்ஸி ஓட்டுபவர்களுக்கும், மணிக்கணக்கில் கூலி வாங்குபவர்களுக்கும் இரண்டு வாரம் என்பது பெரிய அடி. என்னோடு இருந்த ஒருவர் மாலையில் கோர்ட் முடிந்ததும் நேராக டெலிவரி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். குடிமக்களைக் கட்டாயப்படுத்தி அழைக்கும் அரசு அவர்களுடைய ஒரு நாள் கூலியையாவது முழுதாகத் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதல் நாள் என்ன நடக்கும்?

காத்திருப்பு. விமான நிலையம் போல பையைச் சோதித்து உள்ளே விடுவார்கள். பெரிய ஹாலில் ஐம்பது, அறுபது பேர். அடையாள அட்டையைப் பார்ப்பார்கள், ஒரு வீடியோ போடுவார்கள், அப்புறம் உட்கார வேண்டியதுதான். எனக்கு முதல் நாள் முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் நாள் மதியம்தான் அஷர் (கோர்ட் உதவியாளர்) வந்து பதினைந்து, பதினாறு பேரைக் கூப்பிட்டுக் கோர்ட்டுக்குள் கூட்டிப்போனார். அங்கே கிளார்க் சீட்டுகளைக் கலைத்து ஒவ்வொன்றாக எடுத்துப் பெயர் படிப்பார். வழக்கில் உள்ள யாரையாவது தெரியுமா என்று கேட்பார்கள். தெரிந்தால் தயங்காமல் சொல்லுங்கள். பன்னிரண்டு நிறைந்ததும் மீதிப் பேரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

என் பெயரை அந்தக் கிளார்க் மூன்று துண்டாக்கிப் படித்தார். ஆனாலும் எழுந்து நடந்தபோது கால் லேசாக நடுங்கியது.

உறுதிமொழி எதன் மேல் எடுக்க வேண்டும்?

உங்கள் விருப்பம். கீதை, பைபிள், குர்ஆன் இருக்கும். எந்த நூலும் வேண்டாம் என்றால் உளமார உறுதி கூறலாம். இரண்டுக்கும் ஒரே மதிப்பு. அட்டையில் எழுதியிருப்பதை உரக்கப் படிக்க வேண்டும். சாரம் இவ்வளவுதான்: குற்றம் சாட்டப்பட்டவரை நேர்மையாக விசாரித்து, சாட்சியங்களின்படி உண்மையான தீர்ப்பைத் தருவேன்.

உள்ளே எப்படி இருக்கும்?

சினிமாவில் வருவது போல யாரும் மேஜையைத் தட்டிக் கத்துவதில்லை. பெரும்பாலும் மெதுவாக, சில நேரம் தூக்கம் வருமளவுக்கு மெதுவாகப் போகும். காலை பத்து, பத்தரைக்குத் தொடங்கி நாலரைக்குள் முடிந்துவிடும். முதலில் அரசுத் தரப்பு வக்கீல் வழக்கு என்ன என்று சொல்வார். பிறகு சாட்சிகள், குறுக்கு விசாரணை, சிசிடிவி காட்சிகள், இரண்டு பேருக்கு ஒன்றாகக் கொடுக்கும் போட்டோக் கட்டு. சட்ட விவாதம் வந்தால் நம்மை வெளியே அனுப்பிவிடுவார்கள். ஒரு நாளில் மூன்று முறை அப்படி எழுந்து போனோம். எதையோ மறைக்கிறார்கள் என்று முதலில் கோபம் வந்தது. சாட்சியமாக ஏற்கலாமா என்று முடிவாகாத ஒன்றை நாம் கேட்டுவிட்டால் அதை மனதிலிருந்து அழிக்க முடியாது. அதற்காகத்தான் அனுப்புகிறார்கள் என்று அப்புறம் புரிந்தது.

நோட்டு எடுத்துக்கொள்ளலாம், ஆனால் தாள் கோர்ட்டை விட்டு வெளியே வரக் கூடாது. மருத்துவக் கல்லூரிப் பரீட்சைக்குப் படிப்பது போல முதல் நாள் வரிக்கு வரி எழுதினேன். அதில் சாட்சியின் முகத்தைப் பார்க்கத் தவறிவிட்டேன். மறுநாள் முதல் பேனாவைக் குறைத்துக்கொண்டேன். சாட்சி எந்த இடத்தில் தயங்குகிறார், எந்தக் கேள்விக்கு உடனே பதில் வருகிறது என்று கவனிப்பதுதான் வேலை. அதே நேரம், தயங்குகிறவர் எல்லாம் பொய் சொல்கிறார் என்றும் இல்லை. எனக்கு அந்தச் சாட்சிக் கூண்டில் நின்றால் என் பெயரே மறந்துபோகும்.

கடைசியில் இரு தரப்பும் பேசி முடித்ததும் நீதிபதி வழக்கைத் தொகுத்துச் சொல்வார். முடிவுக்குப் போகும் வழி என்று வரிசையாகக் கேள்விகள் எழுதிய ஒரு தாளும் தருவார். முதல் கேள்விக்கு ஆம் என்றால் இரண்டாவதற்குப் போ, இல்லை என்றால் குற்றமில்லை என்று இருக்கும். இவ்வளவு பெரிய விஷயத்தை ஒரு பக்கத்தில் தெளிவாக்கித் தந்த அந்தத் தாளை நான் மறக்க மாட்டேன்.

சாட்சி தமிழில் பேசினால்?

சாட்சிக்கு மொழிபெயர்ப்பாளர் இருப்பார். கோர்ட்டுக்குச் சாட்சியம் என்பது அவர் ஆங்கிலத்தில் சொல்வதுதான். "மச்சான்" என்ற சொல் உறவா நட்பா என்பதில் ஒரு வழக்கே தங்கியிருக்கலாம். மொழிபெயர்ப்பு தவறு என்று உங்களுக்குத் தோன்றினால் பக்கத்து ஜூரரிடம் விளக்கம் சொல்லத் தொடங்காதீர்கள். ஒரு சீட்டில் எழுதி அஷர் வழியாக நீதிபதிக்கு அனுப்புங்கள். வக்கீல்கள் முன்னிலையில் அவர் அதைச் சரிபார்ப்பார். நீங்கள் தனியாகத் திருத்தினால் அதை எதிர்த்துக் கேள்வி கேட்க யாருக்கும் வாய்ப்பில்லாமல் போய்விடும்.

வீட்டில் சொல்லலாமா? கூகுளில் தேடிப் பார்க்கலாமா?

தேடக் கூடாது. இது வெறும் அறிவுரை இல்லை, குற்றம். வழக்கு முடியும் வரை அந்தப் பெயர்களையோ, இடத்தையோ, சட்டத்தையோ இணையத்தில் தேடினால் 2 ஆண்டு வரை சிறை. மான்செஸ்டரில் நடந்த ஒரு வழக்கின் ஜூரர், குற்றம் சாட்டப்பட்டிருந்த ஒருவரோடு ஃபேஸ்புக்கில் பேசியதற்காக 2011இல் 8 மாத தண்டனை பெற்றார். அடுத்த ஆண்டு இன்னொரு ஜூரருக்கு, பிரதிவாதியைப் பற்றி இணையத்தில் தேடி மற்றவர்களிடம் சொன்னதற்காக 6 மாதம். இருவரும் நம்மைப் போன்றவர்கள்தான். ஆர்வத்தை அடக்க முடியாமல் செய்தது.

வழக்கு நடக்கும்போது வீட்டில் எதுவும் பேசாதீர்கள். ஜூரியில் இருக்கிறேன், இந்த வாரம் வரை நடக்கும் என்று சொன்னால் போதும். என் மனைவிக்கு முதல் இரண்டு நாள் கோபம், "என்கிட்டகூடவா?" என்று. அவள் ஒரு கருத்து சொல்லிவிட்டால் அது என் கருத்தோடு கலந்துவிடும். அவள் எந்தச் சாட்சியையும் கேட்டவள் இல்லையே என்று சொன்னேன். அப்புறம் கேட்கவில்லை.

முடிந்த பிறகு, திறந்த கோர்ட்டில் நடந்ததைச் சொல்லலாம். ஜூரி அறைக்குள் யார் என்ன சொன்னார், யார் எப்படி வாக்களித்தார் என்பதை மட்டும் என்றைக்கும் சொல்லக் கூடாது. அதற்கும் 2 ஆண்டு வரை சிறை உண்டு. சட்டம் இல்லாவிட்டாலும் சொல்ல மாட்டேன். வெளியே போகாது என்ற நம்பிக்கையில்தான் அந்த அறையில் ஒருவர் மனம் திறந்து பேசுகிறார்.

பன்னிரண்டு பேரும் ஒத்துப்போகாவிட்டால்?

முதலில் எல்லோரும் ஒரே முடிவுக்கு வரத்தான் முயல வேண்டும். அறைக்குள் போகும் முன் போனை வாங்கிவிடுவார்கள். தலைமை ஜூரர் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பன்னிரண்டு பேரும் அறையில் இருக்கும்போது மட்டும்தான் வழக்கைப் பேசலாம். ஒருவர் கழிவறைக்குப் போனால்கூடப் பேச்சு நிற்கும். குறைந்தது 2 மணி 10 நிமிடம் கழிந்த பிறகு, சரியான நேரம் என்று நீதிபதி நினைத்தால், 11க்கு 1 அல்லது 10க்கு 2 என்ற பெரும்பான்மையை ஏற்பதாகச் சொல்வார். 1967இல் வந்த மாற்றம் இது. அதுவும் முடியாவிட்டால் ஜூரியைக் கலைத்துவிடுவார்கள், வழக்கு புதிதாக நடக்கலாம்.

இதில் எனக்குப் பிடித்த நுணுக்கம் ஒன்று உண்டு. பெரும்பான்மையில் குற்றவாளி என்றால் எத்தனை பேர் ஆம், எத்தனை பேர் இல்லை என்று கோர்ட்டில் கேட்பார்கள். குற்றமில்லை என்றால் கேட்கவே மாட்டார்கள். விடுதலையாகிப் போகிறவர் முதுகில் "இரண்டு பேர் நம்பவில்லை" என்ற பேச்சு ஒட்டிக்கொண்டு போகக் கூடாது.

ஜூரியை யாரும் மிரட்ட முடியாது என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 1670இல் லண்டனில் வில்லியம் பென், வில்லியம் மீட் என்ற இரண்டு குவேக்கர்களை (குவேக்கர் என்பது ஒரு கிறிஸ்தவப் பிரிவு) தண்டிக்கச் சொல்லி நீதிபதிகள் ஜூரியை நெருக்கினார்கள். சோறு, தண்ணீர், நெருப்பு இல்லாமல் இரவுகளில் பூட்டி வைத்தார்கள். ஜூரி மசியவில்லை. அபராதம் போட்டார்கள், எட்வர்ட் புஷெல் என்ற ஜூரர் கட்ட மறுத்துச் சிறைக்குப் போய் அங்கிருந்தே வழக்காடினார். தீர்ப்புக்காக ஜூரரைத் தண்டிக்க முடியாது என்று தலைமை நீதிபதி வாகன் முடிவு சொன்னார். ஓல்ட் பெய்லி கோர்ட்டில் அந்த ஜூரர்களுக்காக ஒரு நினைவுக் கல்வெட்டு இருக்கிறது. போனால் நின்று படியுங்கள்.

தண்டனையை நாம்தான் முடிவு செய்கிறோமா?

இல்லை. அது நீதிபதியின் வேலை. எத்தனை வருஷம் போடுவார்களோ என்று நினைத்துத் தீர்ப்பை வளைக்கவும் கூடாது.

எவ்வளவு உறுதி இருந்தால் குற்றவாளி என்று சொல்லலாம்?

இங்கே நீதிபதிகள் இப்போது சொல்வது ஒரே வார்த்தை: உறுதியாக இருக்க வேண்டும். செய்திருப்பான் போலிருக்கிறது என்பது போதாது. அநேகமாகச் செய்திருப்பான் என்பதும் போதாது. இந்த இடைவெளிதான் இரண்டு வாரமும் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. வீட்டிலும் வேலையிலும் நாம் எடுக்கும் முடிவுகள் பெரும்பாலும் "அநேகமாக" என்ற அளவிலேயே நிற்பவை. அதைத் தாண்டி உறுதியாகத் தெரியுமா என்று என்னை நானே கேட்டது அங்கேதான். நிரூபிக்கும் பொறுப்பு முழுவதும் அரசுத் தரப்புக்கு. பிரதிவாதி வாயே திறக்காமல் இருந்தாலும் அது மாறாது.

யாராவது பழிவாங்குவார்களோ என்று பயமாக இருக்காதா?

பெயர் கோர்ட்டில் படிக்கப்படும், முகவரி படிக்கப்படாது. யாராவது அணுகினால், முறைத்துப் பார்த்தால்கூட, உடனே அஷரிடம் சொல்லுங்கள். எனக்கு அப்படி ஒன்றும் நடக்கவில்லை. பஸ் நிறுத்தத்தில் ஒருமுறை பிரதிவாதியின் தாயாரைப் பார்த்தேன். அவர் என்னைக் கவனிக்கவில்லை. நான் அடுத்த நிறுத்தம் வரை நடந்து போய் ஏறினேன்.

முடிந்த பிறகு மனம் பாரமாக இருக்கும் என்கிறார்களே?

இருக்கும். தலைமை ஜூரர் எழுந்து நின்று பதில் சொன்னபோது பொதுமக்கள் பகுதியிலிருந்து ஒரு குரல் வந்தது. அது எந்தத் தரப்பின் குரல் என்று இங்கே எழுதவில்லை. பல வாரம் அது காதில் இருந்தது. ஐந்து நிமிடத்தில் நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்கள். பன்னிரண்டு பேரும் வாசலில் சில நொடி நின்றோம், யாருக்கும் என்ன சொல்வது என்று தெரியவில்லை, ஆளுக்கொரு பக்கம் பிரிந்தோம். அவர்களை மறுபடி பார்க்கவே இல்லை.

கொடூரமான படங்களைப் பார்க்க நேர்ந்தவர்களுக்கு இன்னும் கடினமாக இருக்கும். அந்த அறையின் பேச்சைச் சொல்லக் கூடாது என்பதால் உங்கள் மனநிலையையும் சொல்லக் கூடாது என்று நினைத்துவிடாதீர்கள். தூக்கம் வரவில்லை, அந்தப் படம் கண்ணை விட்டுப் போகவில்லை என்று உங்கள் ஜி.பி.யிடம் தாராளமாகச் சொல்லலாம். மனம் விட்டுப் பேச உதவும் சமாரிட்டன்ஸ் அமைப்பை 116 123 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம்.

ஜூரி முறையையே குறைக்கப் போகிறார்களாமே?

கிரவுன் கோர்ட்டுகளில் தேங்கிய வழக்குகள் 75,000ஐத் தாண்டிவிட்டன. 2025 ஜூலையில் முன்னாள் நீதிபதி சர் பிரையன் லெவிசன் தந்த அறிக்கை, சில வகை வழக்குகளை ஜூரி இல்லாமல் விசாரிக்கலாம் என்று பரிந்துரைத்தது. வருடக்கணக்கில் காத்திருக்கும் பாதிக்கப்பட்டவர்களை நினைத்தால் அந்த அவசரம் எனக்குப் புரிகிறது. ஆனால் நான் இருந்த இரண்டு வாரத்தில் நேரம் வீணானது ஜூரியால் இல்லை. கைதியை ஏற்றிய வண்டி தாமதமாக வந்தது, ஒரு நாள் வீடியோ கருவி வேலை செய்யவில்லை, ஒரு நாள் வக்கீல் கிடைக்கவில்லை. முதலில் அவற்றைச் சரிசெய்யட்டும்.

என்ன எடுத்துப்போக வேண்டும்?

பாஸ்போர்ட் அல்லது ஓட்டுநர் உரிமம், தடிமனான ஒரு புத்தகம், ஒரு ஸ்வெட்டர். கட்டிச் சாதம் கட்டிக்கொண்டு போங்கள். கோர்ட் கேன்டீன் எல்லா இடத்திலும் இருப்பதில்லை. கோட் சூட் வேண்டாம், ஆபீசுக்குப் போவது போல இருந்தால் சரி.

மறுபடியும் கூப்பிடுவார்களா?

கூப்பிடலாம். 2 ஆண்டுக்குள் வந்தால் விலக்கு கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. எனக்கு வந்தால் நான் கேட்க மாட்டேன்.